ஆறாம் வகுப்புக்குக் கீழே பாட்டு வாத்தியார் இல்லை: நாட்றாம்பாளையம் பிள்ளைகளின் கலையும் விளையாட்டும் எங்கே சிக்குகிறது?

ஓசூரில் வேலை பார்க்கும் உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு கீபோர்டு கிளாஸ், ஸ்கேட்டிங், பரதம் என்று சாயங்காலம் முழுக்க ஓட்டம். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுவழியில் இருக்கிறது நாட்றாம்பாளையம். அங்கும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் கிடைக்க வேண்டும் என்றால் ஒரே வழி, அரசுப் பள்ளி. அந்த வழி எவ்வளவு திறந்திருக்கிறது? பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பில்தான் விஷயமே இருக்கிறது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை, 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை என்றால் 3 பேர். ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்று சட்டம் சொல்வது 6 முதல் 8 வரைக்கும்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்.

மலையோரக் கிராமங்களில் தொடக்கப் பள்ளிகள் சின்னவை. அதாவது இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். தமிழும் கணக்கும் அவர்களே, கபடி கோடு போடுவதும் அவர்களே, ஆண்டு விழா நாடகமும் அவர்களே.

அதே சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. பந்து கட்டாயம், அதைச் சொல்லித்தர ஆள் கட்டாயமில்லை. சிக்கலின் வேர் இதுதான்.

அப்போ சிறப்பாசிரியர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி, தையல் எல்லாம் இதில் அடக்கம். வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் ₹5,000 ஊதியம். 2024-ல் அது ₹12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டங்கள் செய்திகளில் அடிக்கடி வருபவை.

ஆனால் இவர்களும் 6 முதல் 8-ம் வகுப்புக்காக நியமிக்கப்பட்டவர்கள். தாளமும் உடல் அசைவும் எளிதாகப் பிடிபடும் 6 முதல் 10 வயது அப்படியே விட்டுப்போகிறது.

கலைத் திருவிழா இருக்கே?

நல்ல கேள்வி. 2022-23-ல் 6-ம் வகுப்புக்கு மேல் தொடங்கிய கலைத் திருவிழா, 2024-25-ல் 1-ம் வகுப்பு வரை இறங்கி வந்தது. இது பெரிய விஷயம். மேடையே பார்க்காத பிள்ளை மேடை ஏறுகிறது.

ஆனால் அது போட்டி, பயிற்சி இல்லை. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நன்றாகப் பாடும் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்தால் பரிசு வரும். மீதி இருப்பவர்கள் கை தட்டுவார்கள். தினமும் அரை மணி நேரம் எல்லோரும் பாடுவது வேறு கணக்கு.

இன்னொரு பக்கம், 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வகுப்பறைக்குள் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தும் இருக்கிறது. அங்கே பாட்டு, எழுத்தைச் சொல்லித்தரும் கருவி. பாட்டையே சொல்லித்தரும் வகுப்பு இன்னும் வரவில்லை.

நேரம் இல்லையா, பணம் இல்லையா?

நேரம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது சட்டம். நாளுக்கு 4 மணி நேரம்தான். ஆனால் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது ஊறிப்போன பழக்கம்.

பணம்? சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ₹5,000 வரை ஒதுக்கலாம். சில பந்து, ஸ்கிப்பிங் கயிறு, ஒரு கேரம் போர்டு வாங்கினால் தீர்ந்தது.

பள்ளி விட்ட பிறகு என்றால் இன்னொரு தடை. இது யானை நடமாடும் காடு. 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இந்தப் பகுதியில்தான் விரிகிறது. நகரத்தைப் போல ஆறு மணி வரை பிள்ளையைப் பள்ளியில் நிறுத்த முடியாது. எது நடந்தாலும் பள்ளி நேரத்துக்குள், இல்லையென்றால் வீட்டுப் பக்கத்தில் நடக்க வேண்டும். 2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ குடியிருப்புக்கே தன்னார்வலரைக் கொண்டுவந்தது. அந்த மாதிரி இங்கே பொருந்தும்.

ஊருக்குள்ளேயே வாத்தியார்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, விடிய விடிய தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம் என்று நடக்கும். அடவு, பாட்டு, வசனம், ஒப்பனை எல்லாம் தெரிந்த கலைஞர்கள் இங்கேயே வாழ்கிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி வேறு. வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும். நாடகத்தில் வேஷம் கொடுத்தால் அந்தத் தயக்கம் குறைய வாய்ப்பு அதிகம்.

வாரம் ஒரு நாள் கூத்துக் கலைஞர் ஒருவரை மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைக்க என்ன தடை? பள்ளிக்கென்று அதற்கான தொகை இல்லை, அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கூத்துக் கலைஞரை அழைக்கும் தீர்மானத்தை அங்கே போடலாம். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக முன்னாள் மாணவர்கள் நிதி தரலாம். லாப வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டம். அந்தப் பட்டியலில் கல்வியும் கிராமப்புற விளையாட்டும் இருக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆலைகளுக்கா பஞ்சம்?

ஆனால் நன்கொடை ஒரு வருஷம் வரும், மறு வருஷம் வராது. ஐந்து, ஆறு சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு இசை ஆசிரியர், ஒரு உடற்கல்வி ஆசிரியர் என்று சுழற்சி முறையில் அரசே நியமித்தால்தான் இது நிலைக்கும். ஓசூரில் காசு கொடுத்து வாங்கும் அந்தச் சாயங்காலம், நாட்றாம்பாளையத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே கிடைக்க அதுதான் வழி.