இலையா, எலையா?

திருத்தங்கலில் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. எழுத்து அட்டையில் 'இ'க்குப் பக்கத்தில் இலைப் படம். "இது என்ன எழுத்தும்மா?" என்றேன். படத்தைப் பார்த்தாள். "எலை... அப்ப 'எ' தானே சித்தப்பா?" இப்படிச் சொன்னதுக்குத்தான் வகுப்பில் 'கொச்சை'யாப் பேசாதேன்னு திட்டு வாங்கியிருக்கிறாள்.

பிள்ளை மேல் தப்பே இல்லை. 'உ'வுக்கு உரல் போடுகிறோம். அவள் கேட்டது ஒரல். இடம் எடமாகும், உடம்பு ஒடம்பாகும். இது கொச்சை இல்லைங்க, ஒழுங்கு. சொல்லின் முதலில் வரும் இ, உ குறில்களுக்கு அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால், பேச்சில் அவை பெரும்பாலும் எ, ஒ ஆகிவிடும். இஞ்சியும் உப்பும் அப்படி மாறுவதில்லை.

ஃபோனிக்ஸ் என்றால் காதை நம்பி எழுத்தைப் பிடிப்பது. நாமோ முதல் பாடத்திலேயே காதைப் பொய்யாக்குகிறோம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்றுதான் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே வந்தது.

எழுத்து வழக்கு வேண்டாமா? வேண்டும். 'இ' மனதில் நின்ற பிறகு, எலையை இலைன்னு எழுதுவோம் என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளைக்குப் புரியும்.

நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற சிவகாசிக்காரர்களுக்கு, அட்டையில் இலையை எடுத்துவிட்டு இஞ்சியைப் போடுவது பெரிய வேலையா? பட்டாசு ஆலையிலிருந்து அலுத்து வரும் அம்மா பேசும் தமிழில்தான் பிள்ளை குறிலைக் கேட்டது. அங்கிருந்து தொடங்குங்கள்.