ஆகாயத்தில் ஒரு கச்சேரி

திருவையாற்றுக் குழந்தைகளுக்குக் கச்சேரி புதிதன்று. ஆயினும் ஆகாயத்திலேயே ஒரு கச்சேரி நடந்தது என்று நாம் வகுப்பில் சொன்னதும், "கதை விடாதீர்கள், ஸார்!" என்று கூவிவிட்டார்கள்.

கதையல்ல, 1965 டிசம்பர் 16-ந் தேதி நடந்த சமாசாரம். அதற்கு முந்திய நாள்தான் ஜெமினி 6 விண்கலம் (படம் பிடித்த ஜெமினி அல்ல, அமெரிக்க ஜெமினி!) ஜெமினி 7-ஐ ஓரடித் தூரம் வரையில் நெருங்கி வந்திருந்தது. பூமிக்குத் திரும்பும் சமயம், ஷிராவும் ஸ்டாஃபோர்டும் கீழே செய்தி அனுப்பினார்கள்: வடக்கிலிருந்து தெற்கே ஏதோ தாழப் பறந்து போகிறதாம்! கேட்டவர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே 'ஜிங்கிள் பெல்ஸ்' மெட்டுக் கிளம்பிற்று. ஷிராவிடம் சின்னஞ்சிறு மௌத் ஆர்கன். ஸ்டாஃபோர்டிடம் குட்டி மணிகள். விண்வெளியில் மனிதர் வாசித்த முதல் வாத்தியங்கள் அவைதாம். பறந்து போனவர் கிறிஸ்துமஸ் தாத்தாவேதான்!

"அங்கே காற்றே இல்லையே, சத்தம் எப்படி ஸார் கேட்கும்?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

ஒலியைப் பற்றிய பாடத்தை நாம் ஆடி மாதமே நடத்தி முடித்துவிட்டோம். அன்று ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை!

கலத்துக்குள்ளே பிராணவாயு உண்டு, அதிலே ஒலி பரவும், பூமிக்கு அதைக் கொண்டு வந்தது ரேடியோ என்றோம்.

"அப்படியானால் நாயனம் வாசிக்கலாமா, ஸார்?"

காலை நீட்டவே இடமில்லாத கலம் அது. நாயனத்தை எங்கே நீட்டுவது?