காரின் அடிவயிறு

'சம்ப்' என்றால் என்னவென்று சென்னையில் குடியிருக்கும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாசலோரம் தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். அதில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் மோட்டார் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதன் சத்தமே மாறிப் போகும். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சுவிட்சை அணைக்கிறீர்கள் அல்லவா? மோட்டார்க் காரின் என்ஜினுக்கு அடியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. பெயரும் சம்ப்தான். தண்ணீருக்குப் பதில் அதில் நாலைந்து லிட்டர் எண்ணெய். ஒரு பம்பு அந்த எண்ணெயை உறிஞ்சி, சுழலும் பாகங்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அங்கே காற்றை உறிஞ்ச நேர்ந்தால், ஓடிப்போய் அணைக்க அவகாசம் கிடையாது. சில விநாடிகளில் பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் பாழாகிவிடும்.

சாதாரணக் கார்களில் இந்தச் சட்டியைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. கார் செய்த கம்பெனிக்காரன் நமக்காகக் கவலைப்பட்டிருப்பான். ஆனால் இங்கிலாந்திலே ஒரு விசித்திரமான கார் உண்டு. அதை வாங்குகிறவரே வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும்! லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1957ல் கொண்டுவந்த 'செவன்' என்ற குட்டிக் கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். கதவு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அந்த நாளில் முழுக் காராக வாங்கினால் வரியோடு 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் வரி இல்லாமல் 536 பவுன். இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் எந்தக் குடித்தனக்காரனுக்குத்தான் கையில் ஸ்பானர் எடுக்கத் தோன்றாது? பாகங்களோடு 'பூட்டும் முறை' என்ற புத்தகம் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், 'கழற்றும் முறை' என்று ஒரு புத்தகம் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்களாம். வேடிக்கையாகச் சொல்லப்படும் கதை, பலரும் சொல்கிறார்கள்.

1973ல் அந்தப் பழைய வரியே ஒழிந்தது. அதே வருஷம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போயிற்று. வரிச் சலுகை போனாலும் ஆசை போகவில்லை. இன்றும் அந்தக் காரைப் பாகங்களாக வாங்கி, கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த கார்களும் ஏராளம்.

இந்தக் கார்களின் அழகே அவை தரையோடு தரையாகப் படுத்திருப்பதுதான். பாரம் எவ்வளவு தாழ இருக்கிறதோ, அவ்வளவுக்கு வளைவில் சாயாமல் ஓடும். சரி, ஆனால் அதில் வைக்கும் என்ஜின் எங்கிருந்து வருகிறது? முதல் செவனில் வைத்தது போர்டு கம்பெனியின் 1172 சி.சி. என்ஜின். குடும்பக் கார்களுக்கென்று செய்யப்பட்டது. உயரமான காரில் தொங்கினால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஆழமான சட்டியோடு பிறக்கிற வம்சம் அது. அதைத் தாழ்வான சட்டத்துக்குள் இறக்கினால் சட்டி சட்டத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கிறது. என்ஜினை மேலே தூக்கலாமே என்றால், தலை போய் பானெட்டில் இடிக்கும். பெரும்பாலும் இந்தக் கார்களில் தரைக்கு மிக அருகில் இருப்பது இந்தச் சட்டிதான். நூறு மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம்கூட இடைவெளி தேறாத வண்டிகள் பல.

நாலு அங்குலம் போதாதா என்பீர்கள். இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு வேகத்தடை இருக்கிறது. 1999ல் வந்த விதிகளின்படி அதன் உயரம் 25 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கணக்கு எங்கே முட்டுகிறது என்று தெரிகிறதல்லவா? இன்னொரு சங்கடம், செவனில் என்ஜின் முன் சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியவுடன் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தாழ்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சட்டி மேட்டுக்கு மேலே வந்து நிற்கிறது! பயந்துபோய் அப்போது பிரேக்கை மிதித்தாலோ மூக்கு இன்னும் தாழும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவதுதான் முறை.

பக்கத்தில் உட்காரும் மனைவிக்கும் இதில் பங்கு உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். காரின் எடையே ஏறக்குறைய 500 கிலோ. இரண்டு பேர் ஏறினால் 140 கிலோ. கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 1,400 கிலோ எடையுள்ள பெரிய காருக்கு இது பத்தில் ஒரு பங்குதான். ஆகவே கொட்டகையில் காலி வண்டியை அளந்து, 'நாலு அங்குலம் இருக்கிறது' என்று மார் தட்டுகிற கணவரை நம்பக் கூடாது. இருவரும் உட்கார்ந்து, பெட்ரோலும் நிரப்பிய பிறகு அளக்க வேண்டும். டயரை மாற்றினாலும் கணக்கு மாறும். 175/70 அளவு டயரை எடுத்துவிட்டு, அதே சக்கரத்தில் 185/60 போட்டால் வண்டி பதினோரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அழகுக்காகச் செய்தது அடிவயிற்றில் போய் முடியும்.

சட்டியின் ஆழத்தைக் குறைத்துவிட்டால் என்ன? அங்கேதான் நிஜமான சிக்கல். குண்டானில் பாயசம் எடுத்துப் போகலாம். தாம்பாளத்தில் ஊற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்து பாருங்கள். கார் ஒரு வளைவில் தன் எடைக்குச் சமமான விசையோடு திரும்பினால், சட்டியிலுள்ள எண்ணெயின் மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஆழமில்லாத சட்டியில் எண்ணெய் முழுவதும் ஓர் ஓரத்துக்கு ஓடிவிட, உறிஞ்சும் குழாய் வெறுங்காற்றைக் குடிக்கும். வேகமாக வளையத்தானே இந்தக் காரை வாங்கினார்கள்! அதனால் ஆழத்தை வெட்டுகிறவர்கள் இரு பக்கமும் சிறகு மாதிரி அகலப்படுத்தி, குறைந்த எண்ணெயை ஈடுகட்ட வேண்டும். உள்ளே அஞ்சறைப் பெட்டி போலத் தடுப்புகள் வைத்து, எண்ணெய் குழாயை நோக்கி வரவும் விலகி ஓடாமலிருக்கவும் ஒருபக்கம் மட்டுமே திறக்கிற சின்னக் கதவுகளும் போடுவார்கள். இவையொன்றும் இல்லாமல் வெறுமே வெட்டிப் பற்ற வைப்பது, என் அபிப்பிராயத்தில், அடிபடுவதைக் காட்டிலும் மோசம். சட்டியை மிஞ்சி வெட்டியும் பிரயோஜனமில்லை. அதற்குப் பின்னால் பிளைவீலை மூடிய கூடு இருக்கிறது. அதற்கு மேல் போனால் அடுத்த அடி அதற்கு விழும்.

பணம் உள்ளவர்கள் 'டிரை சம்ப்' வைக்கிறார்கள். எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துவிட்டு, கீழே சொட்டுவதை வேறொரு பம்பு இடைவிடாமல் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். சட்டி தட்டையாக இருந்தால் போதும். பந்தயக் கார்களின் வழி அது. செலவும் பந்தயக் கார்ச் செலவுதான். சிலர் சட்டிக்குக் கீழே கனத்த தகடு ஒன்றைக் கவசமாகப் பூட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்தத் தகடும் இருக்கிற இடைவெளியில் கொஞ்சம் தின்றுவிடும்.

அடி விழுந்தால் என்ன ஆகும்? வார்ப்பு அலுமினியச் சட்டி விரிசல் விட்டு எண்ணெயைக் கொட்டும். கொட்டிய எண்ணெய் பின் சக்கரத்தில் பட்டால் வண்டி வழுக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கதி அதைவிடப் பரிதாபம். இரும்புத் தகட்டுச் சட்டி உடையாது, நசுங்கும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. 'தப்பித்தோம்' என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதிகப் பயம் இதில்தான். உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் சட்டியின் அடிக்கும் நடுவே அரை அங்குலம்கூட இராது. நசுங்கிய தகடு அந்த வாயை அடைத்துக்கொண்டால் எண்ணெய் நிறைய இருந்தும் என்ஜின் பட்டினி கிடக்கும்.

ஆகையால், 'டங்' என்று கீழே ஒரு சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் 'ஒன்றுமில்லை' என்று சொல்வார், சொல்லட்டும். ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கிக் குனிந்து பாருங்கள். ஒழுக்கு இல்லாவிட்டாலும் நசுங்கல் உண்டா என்று பார்க்க வேண்டும். மறுபடி கிளம்பிய பிறகு, முன்பலகையில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு நொடி மினுக்கினாலும், 'அடுத்த ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். சாவியைத் திருகி, என்ஜினை அங்கேயே அணைத்துவிடச் சொல்லுங்கள்.