சிம்லாவுக்குச் சின்ன ரயிலில் போங்க!

லீவு விட்டால் நம் வீடுகளில் வடநாட்டு டூர் ஆசை வந்துவிடுகிறது. தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் 'ஆறே நாளில் டெல்லி, ஆக்ரா, சிம்லா, மனாலி, ரோதாங்' என்று நோட்டீஸ் அடிக்கிறார்களே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அதுவும் கூட வயதான அப்பா, அம்மா வருகிறார்கள் என்றால், கால்காவில் காரைத் தேடாதீர்கள். அங்கிருந்து சிம்லாவுக்குப் போகும் சின்ன ரயிலில் ஏறிவிடுங்கள்.

'அஞ்சு மணி நேரம் ஆகுமே சார்!' என்பீர்கள். ஆகட்டுமே! மே மாதம் டெல்லியில் 40 டிகிரி வெயில். சிம்லாவிலோ ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். உடம்புக்கு அந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவேண்டாமா?

1903-ல் திறந்த பாதை இது. தண்டவாள அகலம் இரண்டரை அடிதான். கால்கா சுமார் 2,150 அடி உயரம்; சிம்லா 6,800 அடி. 96 கிலோமீட்டர் தூரம், நூறு குகைகளுக்கு மேல் புகுந்து புகுந்து ஏறுகிறது. கீழே கள்ளிப் புதர், அப்புறம் பைன் மரம், மேலே போனால் தேவதாரு. எங்கள் மருந்துச் சரக்குப் பட்டியலில் வருகிற மரம், அங்கே நெடுநெடுவென்று காடாக நிற்கிறது. வழியில் தரம்பூர் என்று ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து சாலை வழியே போனால் கசௌலி. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே, அந்த மருந்தை செம்பிள் என்ற டாக்டர் 1911-ல் உருவாக்கியது அந்த ஊரில்தான். நல்லவேளை, இப்போது அந்த ஊசி இல்லை!

பரோக் ஸ்டேஷனில் ரயில் கொஞ்சம் நிற்கும். மூட்டுவலிக்காரர்கள் இறங்கிக் காலை நீட்டி நடக்கலாம். காரில் ஏறினால் டிரைவர் நிறுத்தினால்தான் உண்டு.

வளைவுகள் ரயில் பாதையிலும் 900-க்கு மேல் இருக்கின்றன. ஆனால் வேகம் குறைவு என்பதால் குமட்டல் குறையும். காலையில் நெய் சொட்டும் பரோட்டா வேண்டாம். வயிற்றைப் பாதி காலியாக வையுங்கள். தலையைக் குனிந்து செல்போன் பார்க்காமல் தூரத்து மலையைப் பாருங்கள். இஞ்சி மொரப்பா ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம். காதில் மஃப்ளர் அவசியம். குளிர்காற்று பட்டால் வாதமும் கபமும் சேர்ந்து சீறும். பாத்ரூம் போகணுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் நம் பெண்கள். அது கூடவே கூடாது.

சிம்லா உயரத்தில் பெரும்பாலோருக்கு மூச்சுத் தொந்தரவு வராது. மலை நோய் என்பது பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான். மனாலியிலிருந்து ஒரே காலையில் 13,000 அடி ரோதாங்குக்கு ஏற்றுகிறார்களே, அங்கேதான் ஆபத்து. சமவெளியில் கிடைக்கிற பிராணவாயுவில் முக்கால் பங்குகூட அங்கே கிடைக்காது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு... இதில் எது வந்தாலும் உடனே கீழே இறக்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அங்கே சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்!

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ரோதாங்கை விட்டுவிடலாம். சிம்லாவுக்கே போவதானாலும் புறப்படுமுன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை சூட்கேசில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பெட்டிகள் சிறியவை, சீசனில் சட்டென்று நிரம்பிவிடும்.