கடித்ததா எனக் கேளார். குலம் எது எனக் கேட்பர்!

"உமது வீட்டில் நாய் உண்டா?"

அமெரிக்க நாட்டில் வீடு வாங்கும் ஒருவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் படிவத்தை நிரப்பும்போது எதிர்கொள்ளும் கேள்வி இது. உண்டு என்று எழுதுகிறான். அடுத்த கேள்வி, "அது எவரையேனும் கடித்ததுண்டா?" என்றிருக்கும் என்றுதானே எண்ணுவோம்? அன்று தோழர்களே, அன்று! "என்ன சாதி நாய்?" என்பதே பல கம்பெனிகள் முதலில் அறிய விரும்புவது. பிட் புல், ராட்வைலர், டாபர்மன், சௌ சௌ, சில கம்பெனிகளில் நாம் அல்சேஷன் என்றழைக்கும் நாயுங்கூட! பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் பாலிசி இல்லை. அல்லது பாலிசி உண்டு, நாயால் விளையும் தீங்குக்குப் பொறுப்பில்லை என்றொரு வரி அதற்குள் வந்து அமர்ந்துகொள்ளும்.

நாய்க்குப் பரிந்து பேசவா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை என்று நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். இது வீட்டைப் பற்றிய பேச்சு. அந்நாட்டில் பாங்கியில் கடன் வாங்கி வீடு கட்டியவன், காப்பீடு இல்லாமல் இருக்க இயலாது. கடன் பத்திரமே அதைக் கட்டாயமாக்குகிறது. காப்பீடு அறுந்தால், பாங்கியே தன் பணத்தைக் காக்கும் பாலிசி ஒன்றை எடுத்து, அதன் கூடுதல் கட்டணத்தைக் கடன்பட்டவன் தலையில் ஏற்றும். செல்வனுக்குக் கவலையில்லை, வேறு கம்பெனி தேடுவான், நாய்க்கென்றே தனிப் பாலிசி எடுப்பான். மாதத் தவணைக்கே மூச்சுத் திணறுபவன் என் செய்வான்? பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்ந்ததைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அன்றேல், படிவத்தில் பொய் எழுதுவான். பொய் வெளிப்படும் நாளில், ஆண்டுக்கணக்கில் பிரீமியம் கட்டிய பாலிசி செல்லாக் காசாகும்!

கம்பெனியார் பக்கம் வாதமே இல்லையோ? உண்டு, அதை மறைப்பது நமக்கு அழகன்று. நாய்களால் நேர்ந்த காயங்களுக்காக 2024-இல் அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டின்மீது வந்த கோரிக்கைகள் 22 ஆயிரத்துக்கு மேல். கொடுத்த தொகை 150 கோடி டாலருக்கும் மேல். 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி மாண்ட 238 பேரைப் பற்றிய ஆராய்ச்சியில், பாதிக்கு மேற்பட்ட சாவுகளில் பிட் புல் வகையும் ராட்வைலரும் சம்பந்தப்பட்டிருந்ததும் மெய்யே. ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள், இனம் பார்த்துச் சட்டம் செய்வதன் சிக்கல்களைச் சுட்டி, வேறு வழிகள் உண்டென்றும் எழுதினர். கம்பெனியார் முன்பாதியைப் படித்தனர். பின்பாதியில் கண் அயர்ந்தனர் போலும்!

2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டியது. ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் இடையேயுள்ள குணவேறுபாட்டில் இனத்தால் விளங்குவது ஏறத்தாழ 9 சதவிகிதமே என்றது. போதாக்குறைக்கு, கலப்பினத்தைக் கண்ணால் பார்த்து இது பிட் புல் என்று சொல்வதில் காப்பக ஊழியர்களே தவறுகின்றனர்.

ஒன்று கேட்கிறேன். விலக்கப்பட்ட நாய் அண்டை வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டால், மருத்துவச் செலவை யார் தருவது? கம்பெனி கைவிரிக்கும், உடையவனிடம் காசிருக்காது. ஆபத்து அதிகம் என்று எந்த நாயைக் காட்டினார்களோ, அந்த நாயிடம் கடிபட்டவனுக்கே இழப்பீடு இல்லை! ஆபத்தைச் சுமக்கத்தானே பிரீமியம்?

1930-களில் அந்நாட்டு அரசின் வீட்டுக் கடன் நிறுவனம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு நகர வரைபடத்தில் சிவப்பு மை தீட்டியது. அத்தகைய பகுதிகளில் குடியிருந்தவனின் நாணயத்தைப் பாராமலே கடனும் காப்பீடும் மறுக்கப்பட்டன. 1968-இல்தான் குடியிருப்பு நியாயச் சட்டம் வந்தது. மனிதனையும் நாயையும் ஒரே தட்டில் நிறுத்துகிறேன் என்று எவரும் திரிக்க வேண்டா. இரண்டு கணக்கும் போட்ட முறை ஒன்றே என்கிறேன்.

நெவாடாவும் நியூயார்க்கும் 2021-இல் சட்டம் இயற்றின. இரண்டும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. இனத்தை மட்டும் காட்டி வீட்டுக் காப்பீட்டை மறுக்கலாகாது. குறிப்பிட்ட அந்த நாயே ஆபத்தானது என்று முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் கம்பெனி நடவடிக்கை எடுக்கலாம். இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறென்ன? தொழில் அழியும் என்று புலம்புவோர், நாயின் இனத்தைக் காட்டிப் பாலிசி மறுக்காத ஸ்டேட் ஃபார்மைப் பார்க்கட்டும். அந்நாட்டு வீட்டுக் காப்பீட்டில் முதலிடம் அதற்கே!

ஆயினும் இப்படிச் சட்டம் செய்யாத மாநிலங்களே மிகுதி. சட்டம் வந்த நியூயார்க்கிலும், குடக்கூலிக்கு வீடு கேட்டு வருபவனிடம், "இந்தச் சாதி நாய் இங்கே ஆகாது" என்று தனியார் வீட்டுச் சொந்தக்காரன் கதவடைப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. சொந்த வீடு உடையவனுக்குத் திறந்த வழி, குடக்கூலிக்காரனுக்கு இன்னும் திறக்கவில்லை.