கைநாட்டு அறிவு

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு நடைமுறை இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், பணம் கைக்கு வந்துவிடும். கைநாட்டு வைப்பவருக்கு அப்படி இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, 'ஆமாம், இது இவருடைய ரேகைதான்' என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருடைய ரேகை மாதிரி இன்னொருவருக்கு இருக்காது என்பது ஊருக்கே தெரியும். கையெழுத்தை எவனும் பார்த்துப் போட்டுவிடலாம். இருந்தும் சாட்சி கேட்பது ரேகைக்குத்தான். முதியோர் பணம் எடுக்க வந்த கிழவி ஒருத்தி போன மாதம் என்னைக் கேட்டாள்: "ஏம்பா, எம் பணத்த நான் எடுக்கறதுக்கு எவன் வந்து ஆமான்னு சொல்லணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாட்சிக்கு ஆள் தேடினேன்.

இந்த இதழுக்குத் தலையங்கம் எழுத உட்கார்ந்தபோது கிழவியின் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. எழுத நினைத்ததும் அதைப் பற்றித்தான். பல்கலைக்கழகங்களும், இலாப நோக்கம் இல்லாதவை என்று சொல்லிக்கொள்ளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் வாங்கிக் குவிக்கிற காப்புரிமைகள். 'அது விஞ்ஞானிகள் பாடு, சேரிக்காரனுக்கு என்ன வந்தது' என்று சில தோழர்கள் நினைக்கலாம். நமக்கு வந்தது நிறைய இருக்கிறது.

மஞ்சளிலிருந்து தொடங்குவோம். எங்க ஆயா ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள். பிள்ளை வெளியே வருகிறவரை அவள் கை வேண்டும். வந்தபிறகு அவள் தொட்ட இடம் தீட்டு. காயம் பட்டு வருகிற பிள்ளைகளுக்கு மஞ்சளை இழைத்துப் போடுவாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் சிரிப்பாள். அவள் அம்மாவிடம், அந்த அம்மா அவள் அம்மாவிடம்.

1995-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு ஒரு காப்புரிமை கொடுத்தது. எண் 5,401,504. வாங்கியது ஏதோ பன்னாட்டுக் கம்பெனி அல்ல, மிசிசிபி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம். கண்டுபிடித்தவர்கள் என்று பதிவானவர்கள் அங்கே வேலை பார்த்த இந்தியர் இருவர். இதே மிசிசிபி பல்கலைக்கழகத்தில்தான் 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் நுழைவதற்கு அமெரிக்க அரசு படையை அனுப்ப வேண்டியிருந்தது. வாசலில் யாரை நிறுத்துவது, உள்ளிருந்து எதைத் தனதென்று சொல்வது என்பதெல்லாம் பல்கலைக்கழகங்களுக்குப் பழகிய காரியம்.

இந்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.அய்.ஆர்., 1996-ல் இதை எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை செல்லாது என்று முடிவானது. பத்திரிகைகள் கொண்டாடின. பாரதத்தின் மஞ்சள் மீட்கப்பட்டது என்றார்கள். காப்புரிமை ஒழிந்தது நல்லதுதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எப்படி ஒழிந்தது? சி.எஸ்.அய்.ஆர். முன்வைத்தவை 32 எழுத்துச் சான்றுகள். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை. அவற்றை வைத்துத்தான் வென்றார்கள். எங்க ஆயா போல இலட்சக்கணக்கான பெண்கள் அன்றைக்கும் காயத்தில் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது சான்றாகாது. அன்றைய அமெரிக்கச் சட்டம் அப்படி. அமெரிக்காவுக்குள் ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால், புழக்கத்தில் இருந்தால், அது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வெளிநாட்டில் என்றால் அது அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். வாயில் இருப்பதும் கையில் இருப்பதும் கணக்கில் வராது. 2011-ல் சட்டத்தைத் திருத்தி, 2013-லிருந்துதான் இந்த வேறுபாட்டை எடுத்தார்கள். எடுத்த பிறகும், வாய்மொழியை எப்படி நிரூபிப்பது என்று கேட்டால் திரும்ப ஏட்டைத்தான் தேடுகிறார்கள்.

எழுதாதது அறிவில்லை என்றால், எழுதவிடாமல் தடுத்தவன் யார்? வேதத்தைக் கேட்ட காதில் ஈயம் ஊற்று என்ற தர்மசாத்திரம் மிசிசிபியில் எழுதப்பட்டதா? நம்மைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே உட்கார வைத்தது வாஷிங்டனா? பார்ப்பனியம் பூட்டி வைத்த ஏட்டையே சாட்சியாகக் கொண்டுபோய், அதையே தேசத்தின் அறிவு என்று காட்டி வழக்கை வென்றிருக்கிறார்கள். வென்ற வழக்கிலும் நாம் இல்லை.

அதற்காக நாம் எழுதவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் வழியாகத்தான் திருக்குறள் ஓலை எல்லிஸ் கைக்குப் போனது. ஓலை வைத்திருந்த மக்களும் நாம்தான். ஏடு போன பிறகு பெயர் மட்டும் போய்ச் சேரவில்லை.

2001-ல் மரபறிவுக்கென்று மின்னணு நூலகம் ஒன்றை அரசு தொடங்கியது. ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் மாற்றி, வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பயனுள்ள வேலைதான். அதிலும் இடம் பிடித்தது நூல். மருத்துவச்சியும் மாட்டு வைத்தியம் பார்த்த சக்கிலியரும் பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுத்த இருளரும் வாய்மொழியாக வைத்திருந்தது அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது. இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டம், மக்களின் அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் பலனில் பங்கு கொடுக்க வேண்டும் என்றது. 2023-ல் அதைத் திருத்தி, நூலில் பதிவான மரபறிவுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். எழுதாவிட்டால் அறிவில்லை. எழுதிவிட்டாலோ பங்கில்லை. இது எந்த ஊர் நியாயம்?

நல்ல எடுத்துக்காட்டு என்று உலகமே சொல்லும் ஒன்றையும் பார்த்துவிடுவோம். அகத்தியமலைக் காடுகளில் கேரளப் பக்கமும் நம் பக்கமும் காணிக்காரர் வாழ்கிறார்கள். 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் கேரளப் பக்கக் காட்டுக்குப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இடையிடையே ஒரு காயை மென்றுகொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளும் வாங்கி மென்றார்கள், களைப்பு தீர்ந்தது. முதலில் சொல்ல மறுத்த காணிகள், பிறகு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் கேட்கப்பட்டது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய மருந்தகத்துக்குப் பத்து லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. 1997-ல் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999-ல் அய்ந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் போய்ச் சேர்ந்தது.

சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் பாதியைக் கொடுத்தார்கள். அந்த விஞ்ஞானிகளின் நேர்மையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் காணிகளின் பெயர் இல்லை. அவர்கள் 'தகவல் கொடுத்தவர்கள்'. காணி வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்க யார் சம்மதம் கொடுத்தது என்று எதிர்த்தார்கள். அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. காலங்காலமாகப் பறித்த செடியைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வனத்துறை மறுப்புச் சொன்னது. செடி அரசாங்கத்தினுடையது, முறை நிறுவனத்தினுடையது, சரக்கு மருந்தகத்தினுடையது. காணிக்குக் கிடைத்தது பங்கு. கொடுக்கிறவன் மனசு வைத்தால் வருகிற பங்குக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. களத்துமேட்டில் கடைசியாகத் தூற்றிப் போடுவார்களே, அந்தப் படி.

இது அறிவு உள்ளே போகிற வாசலின் கதை. மருந்து வெளியே வருகிற வாசலில் என்ன நடக்கிறது?

1980-ல் அமெரிக்கா பே-டோல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகமே காப்புரிமை வாங்கிக்கொள்ளலாம், கம்பெனிக்குத் தனியுரிமையாகவும் கொடுக்கலாம் என்றது. எய்ட்ஸ் மருந்து ஒன்றின் கதையைக் கேளுங்கள். ஸ்டாவுடின். அந்தப் பொருளை 1960-களில் முதலில் உருவாக்கியவர் ஜெரோம் ஹார்விட்ஸ், டெட்ராய்ட்டில் ஓர் இலாபநோக்கற்ற புற்றுநோய் நிறுவனத்தில், அரசுப் பணத்தில். அது எச்.அய்.வி.யை அடக்கும் என்று 1980-களில் கண்டவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் புருசாஃபும் டாய்-ஷுன் லின்னும். யேல் காப்புரிமை வாங்கி, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்குத் தனியுரிமை கொடுத்தது. 1994-ல் மருந்து கடைக்கு வந்தது. 1999-ல் மட்டும் யேலுக்கு இதில் வந்த வருமானம் சுமார் 4 கோடி டாலர்.

அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எச்.அய்.வி.யோடு இருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். மருந்து இருந்தது, அவர்களுக்கு விலை எட்டவில்லை. 2001 தொடக்கத்தில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்குக் கடிதம் எழுதியது: மலிவு மருந்தை இறக்க அனுமதியுங்கள். யேல் சொன்ன பதில், உரிமம் கம்பெனியிடம் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. யேல் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகைகளில் எழுத வைத்தார்கள். கண்டுபிடித்த புருசாஃபே அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் மாதத்தில் கம்பெனி இறங்கி வந்தது. தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையைக் காட்டித் தடுக்க மாட்டோம், ஆப்பிரிக்காவில் நாளைக்கு 15 சென்ட்டுக்குத் தருகிறோம் என்றது. பக்கவிளைவுகள் அதிகம் என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாக விலக்கச் சொன்னது வேறு விஷயம். வேறு வழியில்லாத வருடங்களில் அது உயிர் காத்தது. காப்புரிமை இல்லாவிட்டால் எவன் பணம் போட்டு மருந்து செய்வான் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் விட்டுக்கொடுத்ததால் அந்தக் கம்பெனி திவாலாகவில்லை. விட்டுக்கொடுக்காத வருடங்களில் செத்தவர்கள்தான் திரும்பி வரவில்லை.

பொதுப்பணத்தில் ஆனது பொதுவுக்கு இல்லை என்ற கதை நமக்குப் புதிதா? 1923-ல் பம்பாய் சட்டசபை, எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கிற கிணறு, குளம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் திறந்த குளம் தரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ல் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தபோதுதான் திறந்தது. அதற்கும் அடி விழுந்தது, வழக்கு வந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியும் சவுதார் குளம்தான். நம் வரியும் அதில் இருக்கிறது. தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரனும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

இங்கேயும் 2008-ல் பே-டோல் சட்டத்தைப் பார்த்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்து 2014-ல் திரும்பப் பெற்றார்கள். மசோதா போனாலும் ஆசை போகவில்லை. அரசின் தரவரிசைப் பட்டியலில் காப்புரிமை எண்ணிக்கைக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 'இத்தனை காப்புரிமை வாங்கினோம்' என்று பலகை எழுதுகிறது. எத்தனை பேருக்கு மருந்து எட்டியது என்று பலகை எழுதின பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை. அய்.அய்.டி.களின் ஆய்வகங்களில் பேராசிரியர் நாற்காலியில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்டால் தகுதி, திறமை என்கிறார்கள். அவர்கள் திறமைக்குள்ளே எங்க ஆயாவின் திறமையும் கரைந்திருக்கிறதா என்று கேட்க ஆளில்லை.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய பச்சிலையே போதும் என்று சொல்கிற கூட்டமும் நாம் இல்லை. அம்மை ஊசியும் பென்சிலினும் இல்லாமல் சேரியில் செத்த பிள்ளைகளின் கணக்கு நமக்குத் தெரியும். விஞ்ஞானம் நமக்கும் வேண்டும். ஆகவே நாம் கேட்பது நான்கு. பொதுப்பணத்தில் பிறக்கும் மருந்தை எந்தக் கம்பெனிக்கும் தனியுரிமையாகக் கொடுக்கக் கூடாது. ஏழை நாடுகளையும் ஏழை மக்களையும் தடுக்க மாட்டோம் என்பதை உரிமத்திலேயே முதல் நாளே எழுத வேண்டும், பிணம் விழுந்த பிறகு அல்ல. அறிவைக் கொடுத்த மக்கள் உரிமையாளர்களாகப் பெயரோடு பதிவாக வேண்டும், மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். வாய்மொழியும் கைப்பழக்கமும் ஏட்டுக்குச் சமமான சான்று என்று சட்டம் ஏற்க வேண்டும்.

இதையெல்லாம் யேல் மாணவர்கள் மாதிரி உள்ளிருந்து கேட்க, ஆய்வகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளால் முடியும். நீங்கள் போடும் கையெழுத்தில் யாருடைய ரேகை இருக்கிறது என்று பாருங்கள், தோழர்களே. அதை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்டு என்ன பதில் வந்தது என்று நமக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

அந்தக் கிழவிக்கு அன்றைக்குச் சாட்சி கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுபடி அடுத்த மாதம் வருவாள். அவள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.