சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு சார்!

எனக்கு வரவேண்டிய பணம் ஒன்று மூன்று வாரமாக வரவில்லை. பெரிய தொகை இல்லை. ஆனாலும் என் தொகை. போன் செய்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அக்கவுண்ட்ஸில் இருந்தவர் நல்ல பையன். ‘உங்க அக்கவுண்ட் நம்பர் தப்பு சார், பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க’ என்றார். நான் எழுதிக் கொடுத்த தாளைத் தேடி எடுக்கச் சொன்னேன். தாளில் சரியாகவே இருந்தது. கம்ப்யூட்டரில்தான் முன்னால் இருந்த இரண்டு பூஜ்யங்களைக் காணோம்.

‘நான் கரெக்டாதான் அடிச்சேன். சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு சார்!’

இந்த வாக்கியத்தை நீங்களும் ஏதாவது ஒரு கவுண்ட்டரில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமில்லை. ‘எடுத்துக்கிச்சு’ என்கிற அந்த வார்த்தை மேல்தான் கோபம். எடுத்துக்கொள்ளச் சொல்லி யார் சொன்னது?

யோசித்துப் பாருங்கள். அக்கவுண்ட் நம்பர் என்பது உண்மையில் நம்பரே இல்லை. உங்கள் அக்கவுண்ட் நம்பரையும் என் அக்கவுண்ட் நம்பரையும் யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? அது இலக்கத்தில் எழுதிய ஒரு பெயர், அவ்வளவுதான். ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அது தெரியாது. எல்லாமே இலக்கமாக இருக்கிறதே, எண்ணாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்தது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று தூக்கிப் போட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வகைத் தகவலை இன்னொரு வகையாக மாற்றுவதற்கு ‘டைப் கன்வர்ஷன்’ என்று பெயர். மாற்றட்டும். சொல்லாமல் மாற்றலாமா?

என் பூஜ்யம் போனால் போகட்டும். விஞ்ஞானிகள் பட்ட பாட்டைக் கேளுங்கள். மனித ஜீன்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்ஸெலில் அடித்தால் அது தேதியாகிவிடும், மார்ச் ஒன்றாம் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று. 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. எக்ஸெல் ஜீன் பட்டியலை இணைத்து வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்ததாம். கடைசியில் என்ன ஆயிற்று? 2020-ல் ஜீன்களின் பெயரை மாற்றினார்கள்! தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023-ல்தான்.

இதற்கு நேர் எதிரான குணம் கொண்ட கம்ப்யூட்டர் மொழிகள் இருக்கின்றன. 1970-களில் ராபின் மில்னர் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல்., அதன் வழியில் பிரான்ஸிலிருந்து வந்த ஓகேமல், 1990-ல் வெளிவந்த ஹாஸ்கெல். ஃபங்ஷனல் மொழிகள் என்பார்கள். ப்ரோக்ராம் ஓடுவதற்கு முன்பே, எது முழு எண், எது தசம எண், எது எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் வகையைத் தீர்மானித்துவிடுவார்கள். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

நான் பி.காம். இருந்தாலும் விடுவேனா? ஹாஸ்கெலில் ஐந்து பாட மார்க்கின் சராசரி போடும் ப்ரோக்ராம் எழுதிப் பார்த்தேன். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுக்கவேண்டும், ஒரே வரி. மறுத்துவிட்டது. மொத்தமும் எண்ணிக்கையும் முழு எண்கள், இந்த வகுத்தல் குறியோ தசம வகையைத்தான் தொடும் என்று ஒரு பெரிய திட்டு. ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் அதை எழுதிய பிறகுதான் வழிக்கு வந்தது. ஓகேமல் இன்னும் ஒரு படி மேலே. முழு எண்ணைக் கூட்ட ஒரு கூட்டல் குறி, தசம எண்ணைக் கூட்டப் பக்கத்தில் புள்ளி வைத்த வேறொரு கூட்டல் குறி!

‘இது என்ன சித்தப்பா ரோதனை! ஜாவாஸ்க்ரிப்ட் எவ்வளவு ஈஸி தெரியுமா?’ என்கிறான் என் அண்ணன் மகன். தெரியும்டா. ஜாவாஸ்க்ரிப்டில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் 5-உடன் 3-ஐக் கூட்டினால் 53. அதே 5-லிருந்து 3-ஐக் கழித்தால் 2. கூட்டும்போது எழுத்தாகவே இருந்த 5, கழிக்கும்போது எண்ணாகிவிடுகிறது. இதுதான் ஈஸியா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். ஜர்னல் என்ட்ரி போட்டால் கீழே நரேஷன் எழுதவேண்டும். இந்தத் தொகை இந்தக் காரணத்துக்காக இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போகிறது என்று ஒரு வரி. எழுதாவிட்டால் எங்கள் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். ஹாஸ்கெல் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான். 3.7-ஐ முழு எண்ணாக்கு என்று பொதுவாகச் சொன்னால் அது கேட்காது. கீழே இறக்குவதா, மேலே ஏற்றுவதா, தசமத்தை வெட்டுவதா, பக்கத்து எண்ணுக்குக் கொண்டுபோவதா? நாலுக்கும் தனித்தனி ஃபங்ஷன். நீங்கள்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நாளைக்குத் தப்பு வந்தால் யார் தேர்ந்தெடுத்தது என்று ப்ரோக்ராமிலேயே இருக்கும். சிஸ்டம் மேல் பழி போட முடியாது.

ஆஹா, ஹாஸ்கெலுக்கு ஜே போடுகிறான் என்று நினைக்காதீர்கள். அவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது.

நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய ஃப்ரம்இன்டெக்ரல் இருக்கிறதே, அது பெரிய டப்பாவிலிருக்கும் முழு எண்ணைச் சின்ன டப்பாவுக்கும் மாற்றும். 0 முதல் 255 வரைதான் கொள்ளும் ஒரு டப்பா இருக்கிறது. அதற்குள் 300-ஐப் போடச் சொன்னேன். போட்டது. திறந்து பார்த்தால் 44! 300-லிருந்து 256 போக மிச்சம். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. வாசலில் அத்தனை சோதனை போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்! வகையெல்லாம் சரியாக டாலி ஆகிறது, தொகைதான் தப்பு. ட்ரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டாலி ஆனாலும் உள்ளே பிழை ஒளிந்திருக்கலாம் என்பது எங்கள் முதல் வருஷப் பாடம்.

ஒரு டப்பாதானே என்கிறீர்களா? 1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. அதில் இருந்தது அடா மொழியில் எழுதிய சாஃப்ட்வேர். ஃபங்ஷனல் மொழி இல்லைதான், ஆனால் வகை விஷயத்தில் கறாரானது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றவேண்டியிருந்தது. ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய பகுதி அது. புதிய ராக்கெட்டுக்குப் பக்கவாட்டு வேகம் அதிகம். எண் பெரிதாகிவிட்டது, சின்ன டப்பாவில் கொள்ளவில்லை. இங்கே மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடவில்லை, பிழை என்று கூவியது. அந்தக் கூவலைச் சமாளித்துத் தொடர்ந்து ஓடும் வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. திசை காட்டும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்ததும் அதே சாஃப்ட்வேர், அதே காரணத்தால் நின்றது. நிற்கும்போது திசை காட்டும் கம்ப்யூட்டர் அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பிரதான கம்ப்யூட்டர் பறக்கும் தகவல் என்று எடுத்துக்கொண்டது. ஆமாம், ‘எடுத்துக்கிச்சு’! ராக்கெட் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியது. கிளம்பி 40 விநாடிக்குள் நான்கு செயற்கைக்கோள்களோடு சிதறியது.

விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் வயிற்றெரிச்சல். இப்படி ஆபத்துள்ள ஏழு மாற்றங்கள் இருப்பது தெரிந்துதான் இருந்தது. நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். கம்ப்யூட்டரின் வேலைச் சுமை 80 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் மூன்றை விட்டுவிட்டார்கள். விட்ட மூன்றில் ஒன்றுதான் இது.

ஆக, நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, எந்த மாற்றமும் சொல்லாமல் நடக்கக்கூடாது. இரண்டு, தோற்கக்கூடிய மாற்றம், தோற்கலாம் என்பதைத் தன் வகையிலேயே சொல்லவேண்டும். ஹாஸ்கெலிலேயே இதற்கு ‘மேபி’ என்று ஒரு வகை இருக்கிறது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று பொருள். ‘டூஇன்டெக்ரல்சைஸ்டு’ என்று ஒரு ஃபங்ஷன், அதனிடம் அதே 300-ஐக் கொடுத்தால் 44 என்று பொய் சொல்லாது. ‘ஒன்றுமில்லை’ என்று கையை விரிக்கும். அந்த ஒன்றுமில்லைக்கு என்ன பதில் என்று எழுதாமல் விட்டால் கம்பைலரை எச்சரிக்கச் சொல்லலாம். 2015 முதல் இது ஹாஸ்கெலோடு வருகிறது. ஆனாலும் ஆபத்தான ஃபங்ஷன்தான் தானாகக் கைக்கு வருகிறது, நல்லதைத் தனியாகத் தேடி வரவழைக்கவேண்டும். நல்லதை முன்னால் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

‘இப்படி ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டிருந்தால் வேலை எப்போ முடியும்?’ என்பார்கள். நியாயம்தான். உங்கள் வீட்டு மளிகைக் கணக்குக்கு எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் வரமாட்டேன். அடுத்தவர் சம்பளம், அடுத்தவர் மருந்தின் அளவு, அடுத்தவர் ஏறும் விமானம் என்றால் அந்த ஒரு வரியை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதுகிறவருக்கு மிச்சமாகும் அரை நிமிஷத்துக்கு, கவுண்ட்டருக்கு வெளியே நிற்கிற நாம் மூன்று வாரம் அலைகிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ‘சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு சார்’ என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘அப்படி எடுத்துக்கலாம்னு எழுதினது யாரு?’ என்று கேளுங்கள். எதிரே இருப்பவருக்குப் பதில் தெரியாது, பாவம். ஆனால் இருபது பேர் கேட்டால் கேள்வி மேலே போகும்.

என் பணம் வந்துவிட்டது. அந்தப் பையன் இப்போதெல்லாம் அக்கவுண்ட் நம்பருக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டு அடிக்கிறாராம், அது எண் இல்லை, எழுத்து என்று ஸ்ப்ரெட்ஷீட்டுக்குச் சொல்வதற்காக. யாரும் சொல்லித்தரவில்லை, அவரே கண்டுபிடித்தது.